நோவுக்கு ஒரு தேதி உண்டு

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் வலிக்கு ‘நோவு’ என்றுதான் பெயர். தலை நோவு, வயிற்று நோவு, கைகால் நோவு. திற்பரப்பு, குலசேகரம், பேச்சிப்பாறை சுற்றுவட்டாரத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களில் கைகால் நோவு இல்லாத ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வெயில் ஏறினால் மரத்தில் பால் வரத்து குறைந்துவிடும். அதனால் இருட்டோடு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு மரம். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் குனிந்து, பட்டையை மெல்லிசாகச் சீவி, சிரட்டையைச் சரி பண்ணி, நிமிர்ந்து, அடுத்த மரம். பிறகு அதே மரங்களிடம் திரும்பிவந்து, வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

இப்படி உழைக்கிற உடம்பு நோகிறது என்றால் யார் காரணம் கேட்கப் போகிறார்கள்? ‘வேலை அப்பிடி’ என்பார் ஒருவர். ‘வயசாச்சுல்லா’ என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ‘வாதம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். மூன்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் மூன்றும் அதற்குமேல் விசாரிக்க விடாத பதில்கள்.

விசாரிக்கும் மரபு இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. வர்ம மருத்துவம் வேரூன்றிய மாவட்டம் இது. நோவு என்று ஆசானிடம் போனால், எங்கே நோகிறது என்பதோடு, அடி எப்போது பட்டது என்றும் கேட்பார். இன்ன வர்மத்தில் அடிபட்டால் இத்தனை நாழிகைக்குள், இத்தனை நாளுக்குள் இளக்க வேண்டும் என்று வர்ம நூல்கள் கணக்கு வைத்திருக்கின்றன. ஆங்கில மருத்துவத்திலும் நோயாளியிடம் முதலில் வாங்குவது ‘ஹிஸ்டரி’தான். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா? நாள்பட்ட வலிக்குக் காரணம் தேடுவது பாதிக்குமேல் சரித்திர வேலை. சில சமயம் அந்தச் சரித்திரம் ஒரு ஆளின் உடம்போடு நிற்பதில்லை. கிணறு, கண்டம், பயிர் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும்.

*

முதலில் ஒரு கிணற்றுக் கதை. 1930களில் நெல்லூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே சில கிராமங்களில் நடுத்தர வயதைக் கடக்கும் முன்பே மக்களுக்கு முதுகு இறுகியது, மூட்டுகள் மடங்க மறுத்தன, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் வாதம்தான். ஊர் ஊராகப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் 1937-ல் வெளியிட்ட கட்டுரையில் காரணத்தைச் சொன்னார்கள்: குடிநீரில் இருந்த ஃபுளோரைடு. பல வருஷம் குடித்த தண்ணீர் எலும்பில் படிந்து மனிதர்களை மரக்கட்டையாக்கியிருந்தது. மனிதர்களிடம் எலும்புவரை போய்த் தாக்கும் ஃபுளோரோசிஸ் இந்தியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது இப்படித்தான்.

எண்ணெயோ ஒத்தடமோ அந்த நோவைத் தீர்த்திருக்காது. மாற்ற வேண்டியது கிணறு. ஒரு ஊரே ஒரே மாதிரி நோகிறது என்றால் காரணத்தை உடம்புக்கு வெளியே தேடு என்பது அதில் கிடைத்த பாடம். அடுத்த கதையில் உடம்புக்கு வெளியே இருந்தது ஒரு கொசு.

*

1952-ன் கடைசியில் இன்றைய டான்சானியாவின் தெற்கே, மகோண்டே பீடபூமியில் ஒரு காய்ச்சல் கிளம்பியது. திடீரென்று வரும். நடந்துகொண்டிருக்கும் ஆள் நின்ற இடத்தில் முடங்கிப்போகும் அளவுக்கு மூட்டுகளில் வலி. காய்ச்சல் சில நாளில் போய்விடும், வலி போகாது. மகோண்டே மக்கள் அதற்கு ஒரு பேர் வைத்தார்கள்: சிக்குன்குனியா. வளைந்து, கோணிப் போவது என்று அவர்கள் மொழியில் பொருள். உலக மருத்துவ நூல்களில் இன்று இருப்பது அந்தக் கிராமத்து ஆட்கள் வலியைப் பார்த்து வைத்த பேர்தான்.

அங்கே பணியாற்றிய மருத்துவர் மேரியன் ராபின்சன் நோயின் குறிகளை எழுதினார். லம்ஸ்டன் அது பரவிய விதத்தை எழுதினார். இரண்டும் 1955-ல் வந்தன. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்த ராஸின் கட்டுரை 1956-ல். லம்ஸ்டன் கவனித்ததில் ஒன்று நமக்கு முக்கியம். அந்தப் பீடபூமியில் தண்ணீர்ப் பஞ்சம். தூரத்திலிருந்து சுமந்துவந்த தண்ணீரை வீட்டுக்குள் பாத்திரங்களில் சேர்த்து வைப்பார்கள். ஏடிஸ் எஜிப்டி கொசு முட்டையிட அதைவிட வசதியான இடம் கிடையாது. வைரஸைச் சுமந்தது கொசு என்றால், கொசுவை வளர்த்தது தண்ணீர்ப் பானை. பானையை அங்கே வைத்தது தண்ணீர் கிடைக்காத ஒரு நிலம். காரணம் என்ற சொல்லுக்கு ஒருமையில் பதில் கிடைப்பதே இல்லை.

*

பத்து வருஷத்தில் அது இந்தியாவில் இருந்தது. 1963-ல் கல்கத்தா. 1964-ல் சென்னை, வேலூர், பாண்டிச்சேரி. வேலூர் சி.எம்.சி.யில் அப்போது வைரஸ் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று இயங்கிவந்தது. ரூத் மையர்ஸ், டொனால்ட் கேரி, பூச்சியியலாளர் ரேச்சல் ரூபன் முதலானவர்கள் நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் கொசுக்களிலிருந்தும் சிக்குன்குனியா வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதே சமயத்தில், அதே ஊரில் டெங்கு வைரஸும் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே கொசு. இரண்டும் திடுமென்று வரும் காய்ச்சல். இரண்டிலும் தோலில் தடிப்பு, உடம்பெல்லாம் வலி. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்து இன்னது என்று சொல்லிவிட முடியாது.

இந்த அனுபவம் கேரியை ஒரு வரலாற்றுக் கேள்விக்குக் கொண்டுபோனது. 1964-ல், ஆய்வகம் இருந்தும் இவ்வளவு குழப்பம் என்றால், ஆய்வகமே இல்லாத 1824-ல்? அன்று மருத்துவர்கள் எதை எதென்று எழுதி வைத்தார்கள்?

1971-ல் அவர் எழுதிய கட்டுரை மருத்துவ இதழில் வரவில்லை, மருத்துவ வரலாற்று இதழ் ஒன்றில் வந்தது. பழைய பதிவுகளை அவர் மறுபடி வாசித்தார். 1823-ல் சான்சிபாரில் ஒரு காய்ச்சல். 1824, 25-ல் இந்தியாவில் அதே மாதிரி. 1827, 28-ல் கரீபியன் தீவுகளில். பிறகு 1870-ல் மறுபடி சான்சிபார், அடுத்த இரண்டு வருஷத்தில் மறுபடி இந்தியா. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் அதை ‘கி டிங்கா பெப்போ’ என்றார்கள். பேய் பிடித்து இழுப்பது போன்ற நோய் என்கிற அர்த்தத்தில். அந்த ‘டிங்கா’தான் கரீபியன் போய், ஸ்பானிஷ் வாயில் ‘டெங்கு’ ஆனது.

கேரி பிடித்த நூல் ஒன்றே ஒன்று. அந்தப் பழைய பதிவுகளில் காய்ச்சல் போன பிறகும் மூட்டுகளில் வலி தங்கியது, போய்ப் போய் வந்தது என்று எழுதியிருந்தார்கள். டெங்குவில் எலும்பு முறிகிற மாதிரி வலிக்கும், ஆனால் மாதக்கணக்கில் மூட்டில் குடியிருப்பது அதன் குணமல்ல. அது சிக்குன்குனியாவின் குணம். ஆகவே ‘டெங்கு’ என்று முதலில் பேர் வைக்கப்பட்ட நோய் அநேகமாகச் சிக்குன்குனியா. பின்னால் அந்தப் பேர் இடம் மாறி இன்றைய டெங்குவின்மேல் ஒட்டிக்கொண்டது. இதுதான் கேரியின் வாதம்.

யோசித்துப் பாருங்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய நோயாளிகள் யாரும் உயிரோடு இல்லை, ரத்த மாதிரியும் இல்லை. ‘டாக்டர், காய்ச்சல் விட்டுப்போச்சு, ஆனா மணிக்கட்டு நோவு மட்டும் போகல்ல’ என்று யாரோ புலம்பியதை யாரோ ஒரு மருத்துவர் அலட்சியப்படுத்தாமல் எழுதி வைத்தார். அந்த ஒரு வரிதான் சாட்சி. புலம்பல் என்று ஒதுக்கியிருந்தால் வரலாறும் தொலைந்திருக்கும்.

*

1973-ல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஒரு பெரிய அலை. அதற்குப் பிறகு இந்தியாவில் 32 வருஷம் பெரிய அளவில் எதுவும் இல்லை. ஒரு தலைமுறை மருத்துவர்கள் இந்த நோயைப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக மட்டும் படித்துவிட்டு வெளியே வந்தார்கள்.

2004-ல் கென்யக் கரையில் அது மறுபடி தலைகாட்டியது. 2005-ல் கொமொரோஸ், பிறகு ரீயூனியன். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் அந்தச் சின்னத் தீவில் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு நோய் வந்தது. 2005 கடைசியில் ஆந்திரா, கர்நாடகம். 2006-ல் தமிழ்நாடு, கேரளம் உட்பட நாடு முழுக்கச் சந்தேகத்துக்குரிய நோயாளிகள் என்று அரசு கணக்கில் வந்தவர்கள் மட்டும் சுமார் 13.9 லட்சம். நம்மூர் வாயில் அது ‘சிக்கன் குனியா’ ஆனது. பேரைக் கேட்டுக் கோழிக்கறியை நிறுத்தியவர்களும் உண்டு. பாவம் கோழி.

புனே தேசிய வைராலஜி நிறுவனம் வைரஸைப் பரிசோதித்தபோது, 1963, 64-ல் வந்தது ஆசிய வகை, 2005-ல் வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக வந்த வகை என்று தெரிந்தது. பழைய ஆள் ஒளிந்திருந்து திரும்பி வரவில்லை. வேறு ஆள் கடல் தாண்டி வந்திருக்கிறான்.

அதே வகை ரீயூனியனில் ஒரு மாற்றத்தையும் வாங்கியது. ரீயூனியனில் ஏடிஸ் எஜிப்டி குறைவு. அங்கே நிறைந்திருந்தது அதன் பங்காளி ஏடிஸ் அல்போபிக்டஸ், உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட ‘புலிக்கொசு’. வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றில், 226-ஆவது இடத்தில், அலனின் என்ற அமினோ அமிலம் வாலினாக மாறியது. இந்த ஒரு மாற்றம் வைரஸைப் புலிக்கொசுவின் உடம்பில் பல மடங்கு எளிதாகத் தொற்ற வைக்கிறது என்று 2007-ல் ஆய்வகத்தில் நிரூபித்தார்கள்.

அதே 2007-ல் கேரளத்தில் இரண்டாவது அலை. 2006-ல் ஆலப்புழை போன்ற கடற்கரை மாவட்டத்தில் கொளுத்தியது, இப்போது மலையடிவாரத்துக்கு ஏறியது. பத்தனம்திட்டா, கோட்டயம், இடுக்கி. மூன்றும் ரப்பர் நாடு. பாண்டிச்சேரியில் இருக்கும் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தினர் அங்கிருந்து எடுத்த வைரஸில் அதே 226 மாற்றத்தைக் கண்டார்கள்.

*

இப்போது நாம் மறுபடி திற்பரப்புத் தோட்டத்தில் நிற்கிறோம். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. மொழியால் தமிழ்நாட்டோடு வந்தது, மழையாலும் பயிராலும் இன்னும் கேரளத்தின் தொடர்ச்சி. தமிழ்நாட்டு ரப்பரின் பெரும்பகுதி இங்கேதான். அந்த வருஷங்களின் காய்ச்சலுக்கு மாநில எல்லை தெரியவில்லை, குமரி வீடுகளிலும் அது வந்து உட்கார்ந்தது.

புலிக்கொசு ஆசியக் காட்டுக் கொசு. அதன் பூர்வீக வீடு மரப்பொந்தில் தேங்கிய மழைத்தண்ணீர். காட்டில் பொந்துள்ள மரம் அங்கங்கேதான் இருக்கும். ரப்பர்த் தோட்டத்தில் ஒரு ஹெக்டேருக்கு நானூற்றுச் சொச்சம் மரம், மரத்துக்கு ஒரு சிரட்டை. 1876-ல் பிரேசிலிலிருந்து விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் லண்டனுக்கு எடுத்துப்போன விதைகள், அங்கிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் வந்து, 1902-ல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் வணிகத் தோட்டமாக வேர் பிடித்து, பிறகு இந்த மலையடிவாரம் முழுக்கப் பரவின. யாரும் நினைக்காமலேயே ஒரு காட்டுக் கொசுவுக்கு வரிசை வரிசையாக, நிழலோடு, லட்சக்கணக்கில் மரப்பொந்துகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம்.

வெட்டு நடக்கிற நாளில் ஆபத்து குறைவு. சிரட்டையில் பால் நிற்கும், ஆள் வந்து எடுப்பார். மழை வலுத்து வெட்டு நிற்கும்போதுதான் சிக்கல். சிரட்டை கம்பி வளையத்தில் அப்படியே நிமிர்ந்து இருக்கும், அதில் தண்ணீர் நிற்கும். வெதுவெதுப்பான காலத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் சிரட்டையின் உள்பக்கம் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரியும். இந்தக் கொசு பகலில் கடிப்பது. பகலில் தோட்டத்தில் இருப்பது யார்? பால் எடுப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், சுள்ளி பொறுக்கும் பெண்கள், தோட்டத்துக்குள்ளேயே வீடு வைத்திருப்பவர்கள்.

தீர்வு எளிது. வெட்டு நிற்கும்போது சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நானூறு மரத்தில் நானூறு முறை. அதற்குக் கூலி யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் விலை, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. விலை விழுந்தால் கூலி கட்டுபடியாகாது. சிறு விவசாயி வெட்டை நிறுத்துவார். ஆள் போகாத தோட்டத்தில் சிரட்டை மட்டும் மழைக்குக் காத்திருக்கும். கோட்டயம் சந்தையின் விலைப் பலகைக்கும் ஒரு தொழிலாளியின் கணுக்காலுக்கும் நடுவே இப்படி ஒரு ரோடு போகிறது.

*

காய்ச்சல் போன பிறகு என்ன நடக்கிறது? பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் சரியாகிவிடும். மூன்று மாதம் தாண்டியும் வலி நின்றால் நாள்பட்டது என்கிறார்கள். மணிக்கட்டு, விரல், கணுக்கால், முட்டி. காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. ரீயூனியனில் பதினைந்து மாதம் கழித்து விசாரித்த ஒரு ஆய்வில் பாதிக்குமேற்பட்டவர்கள் இன்னும் வலிக்கிறது என்றார்கள். வைரஸ் ரத்தத்தில் சில நாள்தான் இருக்கும். அது கிளப்பிவிட்ட நோயெதிர்ப்பு மூட்டுக்குள் அடங்காமல் நின்றுவிடுகிறது என்பதே இன்றைய புரிதல். கூலிக்குப் போகிறவருக்கு இது வெறும் வலி இல்லை. கத்தியைப் பிடிக்கும் விரல்தான் அவருடைய சம்பளம். நானூறு மரம் வெட்டியவர் இருநூறோடு திரும்பினால் பாதிக் கூலி.

இவரிடம் ‘வேலை அப்பிடி’ என்று சொல்வது தவறு. அவர் அதே வேலையை இருபது வருஷம் செய்திருக்கிறார். ‘இந்த மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு’ என்று அவரே தேதி சொல்கிறார்.

எதிர்த்திசைத் தவறும் இருக்கிறது. 2006-க்குப் பிறகு எல்லா மூட்டு வலிக்கும் ‘அந்தக் காய்ச்சல் வந்ததிலேர்ந்துதான்’ என்று ஒரே விலாசம் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் இறுகிக் கிடந்தால் அது முடக்குவாதமாக, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸாக இருக்கலாம். பெண்களுக்கு இது அதிகம். ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் பிடித்துவிடலாம். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் மூட்டு கோணாமல் காக்க முடியும். ‘சிக்குன்குனியா மிச்சம், தானா போயிடும்’ என்று இரண்டு வருஷம் காத்திருந்தால், போன வடிவம் திரும்பாது. தைராய்டு குறைந்தாலும் தசை நோகும். வைட்டமின் டி குறைந்தாலும் எலும்பு நோகும். மெடிக்கலில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. அது எல்லா நோவையும் ஒரே மாதிரி அமர்த்தும். அமர்த்திக்கொண்டே சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும்.

ஆக, பேர் வைக்காமல் விடுவது ஒரு தவறு என்றால், கிடைத்த பேரை எல்லாவற்றுக்கும் ஒட்டுவது இன்னொரு தவறு. டெங்கு என்ற சொல்லுக்கு நடந்ததும் அதுதான்.

*

திற்பரப்பு மகாதேவர் கோயில் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் மூன்றாவது. சிவராத்திரிக்குக் காவி கட்டி, கையில் விசிறியோடு ‘கோவிந்தா, கோபாலா’ என்று ஓடிவருகிறவர்கள் கோதையாற்றில் முங்கிவிட்டுத் திருநந்திக்கரைக்குக் கிளம்புவார்கள். மொத்தம் நூறு கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டம். முட்டியும் கணுக்காலும் இந்த ஊரில் பக்திக்கும் வேண்டும், பிழைப்புக்கும் வேண்டும். அந்த ஓட்டத்தின் பாதை ரப்பர் மரங்களுக்கு நடுவேயும் போகிறது. ஓட்டம் வருவது மாசி மாதம். இலை உதிர்ந்து பல தோட்டங்களில் வெட்டு ஓய்ந்திருக்கும் சமயம். கோடை மழை பின்னாலேயே வரும்.

சிரட்டைகளைக் கவிழ்க்க வேண்டிய நாட்களும் அவைதான். நோவுக்கு மருந்து எழுதுபவர் ‘எப்போதிலிருந்து?’ என்று ஒரு கேள்வி அதிகமாகக் கேட்கலாம். நோவு உள்ளவர் அந்தத் தேதியை நினைவு வைத்துச் சொல்லலாம். அந்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டில் யார் யார் படுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். மகோண்டே பீடபூமியிலும் வேலூரிலும் கோட்டயத்திலும் காரணம் பிடிபட்டது, யாரோ ஒருவர் அதைச் சொன்னதாலும் இன்னொருவர் அதை எழுதி வைத்ததாலும்தான்.